ஸாஹிருக்கு மறைச்ச பேர்

என்ட தங்கச்சி ஸுஹைனா சிரிச்ச முகத்தோடதான் இருப்பா. கஞ்சி ஆத்துவா, நோய் பாக்க வாறவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துவா, "மச்சானுக்கு இப்பப் பரவாயில்ல, வாய்ப்புண்தானே" எண்டு சொல்லுவா. அவ படுற பாடு இந்த ஓட்டமாவடி ஊருல ஆருக்கும் தெரியாது. பக்கத்து வளவுல இருக்கிற எனக்குத் தெரியும்.

அவ மச்சான் எண்டு கூப்பிடுற அவட மாப்பிள்ளை ஸாஹிர் ஓட்டோ ஓடுறவர். வெத்திலையும் புகையிலையும் வாய்க்குள்ள இல்லாம ஒரு ஹயர் ஓட்டம் போனதில்ல. நாக்குக்குக் கீழ வந்த புண் ஆறவேயில்ல. மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினம். புற்றுநோய் எண்டாங்க. அந்தப் பேச்சைக் கேக்க உள்ளுக்குப் போனவர் ஸாஹிரில்ல, அவர்ட மூத்தவர், முகைதீன்பாவா காக்கா. வெளிய வந்ததும் ஸுஹைனாவை ஒரு பக்கமாக் கூட்டிப் போய், டொக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிப்போட்டு, "இந்தப் பேர் அவன்ட காதுல விழப்படாது புள்ள. விழுந்தா அண்டைக்கே ஆள் சரிஞ்சிருவான். கெட்ட புண், மருந்து ஏத்தினா ஆறும் எண்டு சொல்லு" எண்டார்.

எங்கட பக்கம் இதுதான் வழக்கம். அந்த நோய்ட பேரை நோயாளிக்கு முன்னால ஆரும் எடுக்கிறல்ல. அதோட, கலியாணம் முடிச்ச ஆம்பிளை இருக்கிறது பொண்டாட்டி வீட்டுலதான். ஆளுக்கு ஏதும் ஆனா முதல் பழி அவட தலையிலதான் விழும். காக்கா சொன்னதை மீறி இவ வாயைத் திறந்து, ஆள் படுத்துட்டா? ஊர் சும்மா விடுமா? எனக்கு அந்தக் காக்கா மேல வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல்ல.

ரெண்டு தரம் மருந்து ஏத்தினாங்க. மூணாவதுக்கு ஸாஹிர் வரமாட்டன் எண்டுட்டார். "ஒரு புண்ணுக்கு இவ்வளவு பாடா? நான் ஒரு இடமும் போகமாட்டன்." போய் ஓட்டோவுக்குள்ள குந்திக்கிட்டார். அதுக்குப் புறகு நாள் முழுக்க அதுக்குள்ளதான், பாட்டுச் செட்டைப் போட்டுக்கிட்டு. இவ சோத்தைக் குழைச்சி அங்கதான் கொண்டுபோவா. மருந்தை விட்டா ஆள் தப்பமாட்டார். ஏன் விடப்படாது எண்டு சொல்லப் போனா பேரைச் சொல்ல வேணும். பாவம், அவ என்னதான் செய்வா? என்னைக் கண்டா மட்டும் அழுவா. "ராத்தா, எனக்கு மூச்சு முட்டுது. இந்த வீட்டுக்குள்ள எங்க போய் நிண்டாலும் பொய்தான் சொல்லிக்கிட்டு நிக்கிறன்" எண்டா.

வாய் நோவுல ஸாஹிர் ஆரோடயும் கதைக்கிறல்ல. அவர்ட போன் இவட கையிலதான் கிடந்திச்சி. அதுலதான் தேடத் தொடங்கினா. முதல்ல வந்ததெல்லாம் குப்பை. ஒருத்தன் இலைச்சாறு விக்கிறான், ஒருத்தன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத எண்டு கத்துறான். அதுல ஒண்டுக்குக் காசு அனுப்பவும் பாத்தா, நான்தான் பேசி நிப்பாட்டினன். கடைசியா ஒரு வாட்ஸ்அப் குழு கிடைச்சிச்சி. நோயாளிகளும் அவங்களைப் பாக்கிறவங்களும் மட்டும். அங்க ஆரும் மருந்து விக்கிறல்ல. சேந்த உடனே "டொக்டர் என்ன சொன்னார், எத்தனை தரம் ஏத்தியாச்சு" எண்டுதான் கேட்டாங்க. குழுவை நடத்துற தக்ஷாயினி ஆரையம்பதிப் புள்ள, ஆஸ்பத்திரித் தாதி. தன்ட அம்மாவை இதே நோயில பாத்தவ. வாய் வெந்து கிடக்கக்குள்ள கஞ்சியை ஆற வெச்சிக் குடுங்க, உறைப்புப் போடாதீங்க, காய்ச்சல் வந்தா வீட்டுல வெச்சிருக்காம ஓடுங்க எண்டு அவ சொல்லித் தந்த எல்லாம் எங்களுக்கு உதவிச்சி. ஸுஹைனா அந்தக் குழுவுலதான் கொஞ்சம் மூச்சு விட்டா.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் புறகு, குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு, மெல்லமாப் பேசித் தக்ஷாயினிக்குக் குரல் பதிஞ்சி அனுப்பினா. எல்லாத்தையும் கொட்டிட்டா. பதிலும் குரலாத்தான் வந்திச்சி. அமத்தினா, சத்தம் இல்ல. போனுக்கு என்ன வந்திட்டெண்டு சத்தத்தை முழுக்கக் கூட்டினா. மடச்சி! அது ஸாஹிர்ட போன். ஓட்டோவுல செட் போட்டிருந்தா அதுவாப் போய்ப் புளூடூத்துல ஒட்டிக்கும். நான் வேலியடியில உடுப்புக் காயப்போட்டுக்கிட்டு நிண்டன். ஓட்டோவுக்குள்ள இருந்து, வளவு முழுக்கக் கேக்குற மாதிரி, தக்ஷாயினிட குரல் வந்திச்சி.

"அக்கா, உங்கட அவருக்கு வாய்ப் புற்றுநோய் எண்டு இன்னும் சொல்லல்லையா? அது தெரியாம ஒருத்தர் எப்பிடி அக்கா இந்த வேதனையைத் தாங்குவார்? ஆரம்பத்துல புடிச்சது, முழுக்க ஏத்தினா சுகமாக்கலாம் எண்டு டொக்டர் சொன்னதாத்தானே நீங்க சொன்னீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க. ஏலாட்டி டொக்டரையே சொல்லச் சொல்லுங்க."

என்ட ரப்பே! ஸுஹைனா குசினியிலிருந்து ஓடி வந்து ஓட்டோவுக்கு முன்னால நிண்டா. நான் காக்காவை நினைச்சன், ஊரை நினைச்சன், இனி இவட கதி என்ன எண்டு நினைச்சன்.

ஸாஹிர் செட்டை நிப்பாட்டினார். "பேர் எனக்குத் தெரியும்" எண்டார். வாய் நொந்து சொல் உடைஞ்சுதான் வந்திச்சி. "கிளினிக் வாசல்ல எழுதிக் கிடக்கே, எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"அப்ப ஏன் மச்சான் மருந்துக்கு வரமாட்டன் எண்டீங்க?" ஸுஹைனா கத்தியே கேட்டா.

"நீங்க எல்லாரும் ஒளிச்சீங்க. காக்கா என்ட முகத்தைப் பாக்காமக் கதைச்சார். மவுத்தாகப் போற ஆளுக்குத்தானே இப்பிடி ஒளிக்கிறது எண்டு நினைச்சன். சாகப் போறவனுக்கு எதுக்கு மருந்து?" எண்டார். "சுகமாக்கலாம் எண்டு டொக்டர் சொன்னதை எனக்கு ஆர் சொன்ன?"

ஸுஹைனா அந்த மண்ணுலயே குந்திட்டா. மூணாவது தவணை தவறி, நாலாவதும் போயிட்டு. பேரை மறைக்கப் போய், அந்த நல்ல சொல்லையும் சேத்து மறைச்சிருக்கம்.

ஸாஹிர் கையை நீட்டிப் போனைக் கேட்டார். குரல் பதியிற பொத்தானைத் தானே அமத்திப் பிடிச்சிக்கிட்டு, "தங்கச்சி, நான்தான் ஸாஹிர். புற்றுநோய்க்காரன். ரெண்டு தவணை போகாம விட்டுட்டன். இனிப் போனா ஏத்துவாங்களா?" எண்டு கேட்டார்.

நானும் வேலியடியிலிருந்து வந்திட்டன். மூணு பேரும் ஓட்டோவடியில, தக்ஷாயினி என்ன சொல்லப் போறா எண்டு காத்துக்கிட்டு இருந்தம்.