வெள்ளித்தாளும் ஐந்து பியூசும்

"…நெருப்புப் பெட்டிக்குள்ள ஆரும் ஏறிக் குந்துவாங்களா? நீங்க காரில போங்க, நான் ஆட்டோவில வாறன்!"

ராத்தா வாசலில் நின்று மச்சானுக்குச் சொன்னது இது. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா; மச்சான் அவருடைய கணவர். கோபம் வந்தால்தான் அவருடைய பேச்சுக்கு ருசி ஏறும். மச்சானின் பழைய இங்கிலாந்துக் கார், போன மாதம் நாவிதன்வெளி வயலிலிருந்து திரும்பும்போது டேஷ்போர்ட்டுக்குள் புகைந்துவிட்டது. ராத்தா செருப்பையும் விட்டுவிட்டு இறங்கி ஓடியவர்தான், பிறகு அதில் ஏறவில்லை. பாலமுனையில் கலியாணம் முடித்து மாமி வீட்டில் இருக்கும் மகனைப் பார்க்க, வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து போவது வழக்கம். இப்போது ராத்தா ஆட்டோவில் முன்னால், மச்சான் வெறும் காரில் பின்னால்.

"பொண்டாட்டிய துரத்திப் போறான் எண்டு சிரிக்கானுகள், தம்பி" என்று மச்சான் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

வயரிங் வேலையை நான் யாரிடமும் படிக்கவில்லை. எரித்து எரித்துப் பழகினேன். பொனட்டைத் திறந்தேன். முன் லைட்டுக்குப் போகும் வயரின் தோல் உரிந்து இரும்பில் முட்டியிருந்தது. அந்தக் காரில் மொத்தமே இரண்டு பியூஸ். லைட்டுகளுக்கு ஒன்றுமில்லை, பெட்டரியிலிருந்து நேரே கரண்ட். இடையில் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் வயரே கொதித்திருக்கிறது.

மச்சானுக்குப் பியூஸ் என்றாலே பிடிக்காது. "அது போனா ரெண்டு லைட்டும் ஒண்டா அணையும். வயல் ரோட்டில யானைக்கு முன்னால கண் தெரியாம நிக்கவா?"

நியாயமான பயம். ஆகவே இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. பிரைட்டுக்கு வேறு, டிம்முக்கு வேறு. பின் லைட்டுகளுக்கு ஒன்று. வயரை மாற்றி, மொத்தம் ஐந்து பியூஸ் போட்டேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும், ராத்தா ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு உடுத்து வெளிக்கிட்டு வந்தார். "கொஞ்சம் நில்லுங்க ராத்தா" என்றேன். லைட்டைப் போட்டு, இடது லைட்டின் பின்னால் ஒரு துண்டு வயரைப் பிடித்து, மறு நுனியை வேண்டுமென்றே இரும்பில் தொட்டேன். டிக்! பியூஸ் போய் இடது அணைந்தது, வலது எரிந்துகொண்டிருந்தது. புகை இல்லை.

"பாத்தியா புள்ள!" என்ற மச்சான், பழக்க தோஷத்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒன்றை எடுத்தார். போன பியூசில் அதைச் சுற்றிப் போட்டால் லைட் எரியும்தான். ஹோன் பியூசை அவர் வருடக்கணக்காய் அப்படித்தான் ஓட்டினார்.

"வேணாம் மச்சான்! அதச் சுத்தினா பியூஸ் போகாது, வயர்தான் போகும்."

"அப்ப மறுகாவும் நெருப்பா?" என்று ராத்தா கேட்டார்.

"ஓம் ராத்தா."

"அல்லாஹ்வே! காவலுக்கு ஆளையும் வெச்சி, அந்தாள்ர கையையும் கட்டிப்போடப் பாக்காரு!"

ராத்தா மச்சான் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார். என்னிடமிருந்த பியூஸ் பாக்கெட்டை வாங்கி, புதியது ஒன்றை மச்சான் கையில் கொடுத்து, அவர் பொருத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தைத் தன் கைப்பைக்குள் போட்டார். ஹோன் அடித்துக்கொண்டு வந்து நின்ற ஆட்டோவைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, காரின் முன் சீட்டில் ஏறிக் குந்தி, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.