ஸ்ரீவில்லிபுத்தூர் குளத்தில் என் நூறு மீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நீச்சல் போட்டிக்குப் போவதாக ஒருவர் எழுதி, வழி கேட்டிருந்தார். நான் போனது எண்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதம். வழி மாறவில்லை. மனிதர்கள் மாறியிருக்கிறார்களா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. தரையில் கம்பு வேண்டும், தண்ணீரில் வேண்டாம். ராஜபாளையத்துத் தோட்டக் கிணறுகளில் பந்தயம் கட்டி, இரண்டு கால் உள்ளவர்களை ஜெயித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில நீச்சல் அணித் தேர்வு வந்தது. அதற்கு ஏதாவது ஒரு போட்டியில் நூறு மீட்டர் நீந்திய நேரத்தை எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம். கூட என் சேக்காளி மாரிமுத்து. கண்டக்டர் என் கம்பைப் பார்த்தார்.

"எங்கலே?"

"நீச்சல் போட்டிக்குண்ணே."

"பாக்கவா?"

"நீந்த."

"பேசாம செண்பகத்தோப்பு ஓடையில போயி காலை நனைச்சிட்டு வா. கூட்டமும் இருக்காது."

"அவன் நீந்துததப் பாத்தா நீரு டிக்கெட் போட மறந்துருவீரு" என்றான் மாரிமுத்து.

குளத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். மற்றவர்களோடு என்னை விடவில்லை. "உனக்குன்னு தனியா வச்சிருக்கோம் தம்பி, ஊரே பாக்கட்டும்" என்றார் போட்டி நடத்தியவர்.

"நேரம் குறிப்பிய இல்ல சார்?"

"அதெல்லாம் பாத்துக்கிடுவோம்."

கடைசியில் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். நான் குதிப்பதற்கு முன்பே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்று போல நான் அதற்கு முன்பும் நீந்தியதில்லை, பின்பும் நீந்தியதில்லை. அக்கரைப் படியைத் தொட்டதும், மேலே நின்ற ஸ்டாப்வாட்ச்காரரிடம் கேட்டேன்.

"எத்தனை செகண்ட் சார்?"

அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து வாட்ச்சை எடுத்துப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது.

"கைதட்ட ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சுப்பா."

"இப்பவே இன்னொரு தடவ நீந்துறேன் சார்."

"எதுக்கு? களைச்சிருப்ப. நீ வந்ததே பெருசு."

ஈர உடம்பில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, பால்கோவா பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "துவட்டிக்கோலே, வேற எதுக்கு ஆகும்" என்றான் மாரிமுத்து. திரும்பும் பஸ்ஸில் பால்கோவாவை அவனே தின்றான். 

அடுத்த வருஷம் குளம் வற்றிவிட்டது, போட்டி நடக்கவில்லை; எங்கள் பக்கம் வேறு போட்டியும் கிடையாது. அதற்கடுத்த வருஷம் தேர்வுக்கான வயதை நான் தாண்டிவிட்டேன். ஒரு நீச்சல்காரனாக என் கணக்கு அவ்வளவுதான். தொண்ணூறுகளில் பேண்டேஜ் துணி வியாபாரத்தில் இறங்கி நிமிர்ந்தேன். அதில் ஒன்று புரிந்தது: வாங்குகிறவன் அளந்து பார்ப்பான், தர்மத்துக்குக் கொடுக்கிற துணியை யாரும் அளப்பதில்லை. அன்று என் நூறு மீட்டரையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

என்னைப் போலக் கம்போடு போகிறவர்களுக்கு: காலைப் பஸ்ஸில் போங்கள், நிற்க இடம் கிடைக்கும். பாசிப் படி வழுக்கும், கம்பு நுனிக்கு ரப்பர் போடுங்கள். நேரம் பார்க்க உங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிப்போங்கள். வாட்ச் அவர் கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு குதியுங்கள். முன்கூட்டியே கைதட்டினால் குதிக்காதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று நான் எத்தனை செகண்டில் நீந்தினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.