உண்ணிப்புதரும் வாரத்து ஆடுகளும்

குணசுந்தரிக்குச் சொந்தமாக இருந்தவை வெள்ளாடுகள் மட்டும்தான். கூட மேய்ந்த ஐந்து செம்மறிகள் ஆதிநாராயணனுடையவை. நெல் நிலம் வைத்திருந்த அவர், அவற்றை அவளிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். ஈனுகிற குட்டியில் பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. நடுவில் ஆடு செத்தால், காதோடு தோலை உரித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உடையவர் வெட்டிவைத்த அடையாளம் காதில் இருக்கும். தோலைக் காட்டாவிட்டால் விற்றுத் தின்றாள் என்றுதான் பேச்சு. அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அவளை நம்பி ஆடு விடமாட்டார்கள்.

அறுபத்தொன்பதில் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, தேர்வாய் போகிற வழியில் ஒரு பிரசவ நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். பின்னாலிருந்த புறம்போக்கு முழுக்கப் புதர். ஊரிலிருந்து பெண்கள் அதன் வழியாகத்தான் நடந்து வரவேண்டும். மழை பிடித்துவிட்டால் பாம்புக்குப் பயந்து வலி கண்டவளும் வீட்டிலேயே இருந்துவிடுவாள். வெட்ட ஆள் கேட்டேன், கிடைக்கவில்லை. குணசுந்தரியைக் கேட்டேன்.

"ஆளு இன்னாத்துக்கு நர்ஸம்மா? என் கும்பல உடுறேன். மழைக்குள்ள மொட்டை அடிச்சிடும்" என்றாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் பச்சையப்பன் வீட்டுக் கொல்லையில் ஆடுகளோடு இருந்தாள். சொன்னபடியே செய்தாள். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பி முள்செடியின் தழையை உருவும். செம்மறி தரையோடு புல்லை நறுக்கும். பாதை தெரிய ஆரம்பித்தது. கடைசியில் உண்ணிச்செடி மட்டும் மதிலோரம் அடர்ந்து நின்றது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகின.

மேகம் கட்டிக்கொண்டு வந்தது. குணசுந்தரி ஒரு ராத்திரி ஆடுகளுக்குத் தழை போடவில்லை. வயிறு காய்ந்தால் எதையும் தின்னும் என்பது அவள் தொழிலில் வழக்கம்தான். காலையில் திறந்துவிட்டாள். வெள்ளாடுகள் இரண்டு வாய் கடித்துவிட்டு வேறு பக்கம் போயின. செம்மறிகளுக்கு வேறு புல் மிச்சமில்லை. உண்ணித்தழையை வயிறு புடைக்கத் தின்றன.

மூன்றாம் நாள் அவள் ஓடிவந்தாள். "வெய்யில்ல நிக்கமாட்டேங்குது நர்ஸம்மா. செவுத்தாண்ட ஒண்டிக்கினு கீது. மூஞ்சியெல்லாம் வெடிச்சிப்போச்சு."

போய்ப் பார்த்தேன். மூக்கும் காதும் வீங்கி, தோல் பிளந்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். குழந்தைக்கு அப்படி இருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், ஆட்டுக்குத் தெரியாது. பஸ் பிடித்துக் கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டுவந்தேன். உண்ணிச்செடி ஈரலைக் கெடுத்திருக்கிறது, இருட்டில் கட்டு, கரித்தூளும் பேதியுப்பும் கரைத்து ஊற்று, பிழைத்தால் பிழைக்கும் என்றார்.

திரும்பி வந்தபோது பச்சையப்பன் தங்கையிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"பேஜாரு புடிச்சவளே! உசிரு கீறப்பவே ஊத்துக்கோட்டை சந்தைக்கு ஓட்டிடு. கறிக்காரன் டப்பு குடுப்பான். காணாமப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"உன் மூளைய வித்தாக்கூட ஒருத்தனும் வாங்கமாட்டான். போய்க் கரி இடி."

இடித்தான். மூங்கில் குழாயை ஆட்டின் கடைவாயில் செருகி ஊற்றினோம். தலையைத் தூக்கிப் பிடித்தால் புரையேறிச் செத்துவிடும், தாழப் பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் குனிந்து புழுக்கை விழுந்ததா என்று பார்த்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆதிநாராயணனோ என்று விறைத்தாள்.

மறுநாள் ஒன்று செத்தது. பச்சையப்பன் உரித்தான். உள்கொழுப்பு மஞ்சள் பிடித்துக் கிடந்தது. அவள் தோலைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் ஆதிநாராயணனே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தோலை விரித்தாள். அவர் காதைப் பார்த்தார். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இன்னாமே இது, மஞ்சத்தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டுவிட்டு, "சரி, நோவு வந்தா யாரு இன்னா பண்றது" என்று எழுந்தார்.

நோவு என்றால் நஷ்டம் உடையவருடையது. வளர்த்தவளின் கவனக்குறைவு என்றால் அவள் ஈடு தரவேண்டும். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"நோவு இல்ல, நைனா. ராத்திரி பட்டினி போட்டேன். அதான் கண்டதத் தின்னுச்சு."

பச்சையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். ஆதிநாராயணன் வெள்ளாடுகள் கட்டியிருந்த பக்கம் நடந்து, நல்ல பெட்டை ஒன்றின் கயிற்றைப் பிடித்தார்.

"அது சினை, நைனா. பக்கத்துல கீறதப் புடிங்க."

பிடித்தார். வீங்கிய முகத்தோடு இருட்டில் நின்ற நான்கையும் எட்டிப் பார்த்தார்.

"இதுங்கள?" என்று அவள் கேட்டாள்.

"ஓட்டினு போனா வழியிலியே வுழும். உங்கிட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு போனார்.

அவள் தோலைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். கை கழுவினாள். அடுத்த ஆட்டின் தாடையைத் தாழப் பிடித்துக்கொண்டு, "ஊத்துங்க நர்ஸம்மா" என்றாள்.