கடலுக்குப் பயந்தவருக்கு ஓர் இருக்கை

அந்தச் சொகுசுப் படகின் ஓட்டி குருநகர்க்காரர். வெயிலில் வெளுத்த புருவங்கள். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை. கனடாவிலிருந்து வரும் மகனையும் அவன் நண்பர்களையும் ஒரு பகற்பொழுது கடலுக்கு அழைத்துச் செல்வது பற்றிப் பேசச் சென்றிருந்தேன். சாப்பாட்டைப் பற்றியோ குளிக்குமிடத்தைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை.

“ஐயா, கடலுக்குப் பயந்த ஆக்கள் ஆரும் வருகினமோ? அவையை எனக்குப் பக்கத்திலை இருத்துவன். படகையும் மெல்லமாய்த்தான் விடுவன்.”

“ஓம், என்ரை மனிசிக்குப் பயம்,” என்றேன். மனைவியின் ஆண்டுத் திவசம் அப்போதுதான் முடிந்திருந்தது. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது; திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பயண நாளில் தன் பக்கத்து இருக்கையில் அவர் மெத்தை போட்டு வைத்திருந்தார். அதில் எவரும் அமரவில்லை. எவரையும் அவர் அமரச் சொல்லவுமில்லை. படகு மிக மெதுவாகச் சென்றது.

“அண்ணை, உதென்ன மாட்டுவண்டிலோ ஓட்டுறியள்?” என்று மகன் கேலி செய்தான்.

ஓட்டி ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“பயந்தவ ஒராள் இருக்கிறா, தம்பி.”

தன் நண்பர்களில் யாரோ என்று எண்ணி மகன் சிரித்தான். அவர் எதை அறிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. கரை சேரும்வரை அவர் வேகத்தைக் கூட்டவுமில்லை.