ராசப்பன் மாமாவின் காப்புக் கயிறு

நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் வாழைத்தார் விற்றவர்களுக்கு ராசப்பனைத் தெரியாமல் இருக்காது. மண்டியில் ஏலம் கூறுகிறவர். மைக் வைத்துக்கொள்ள மாட்டார். "பூவன் தாருங்க, கண்ணு பட்டுரும், சீக்கிரம் கேளுங்க" என்று ஆரம்பித்தால் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். வியாபாரிகளைக் கிண்டல் செய்தே விலையை ஏற்றிவிடுவார். "ஏனுங்க தனசேகரு, கையத் தூக்கறதுக்குமா கஞ்சத்தனம்?" என்பார். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிவிடுவார்.

அவர் என் அக்கா சௌந்திரத்தின் கணவர். நான் நந்தகுமார், ராசிபுரத்தில் வாடகைக்கு ஆம்னி ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதைச் சொல்லும்போது கட்டாயம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாமாவின் குரல் கம்மியது. பனங்கற்கண்டைச் சப்பினார், மிளகுக் கஷாயம் குடித்தார், பீடியை மட்டும் விடவில்லை. அக்கா அழுது அடம்பிடித்த பிறகுதான் சேலம் வந்தார். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்து, குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்றார் டாக்டர் ஸ்ரீதேவி. "ஆபரேசன் வேண்டாம். கதிர்வீச்சுலயே சரியாக நல்ல வாய்ப்பு இருக்கு. குரலும் தங்கும்."

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மறுபடி ஏலம் கூற முடியுமுங்களா?"

"முழுசா முடிச்சீங்கன்னா நம்பிக்கையா இருக்கலாம். நடுவுல நிறுத்தக் கூடாது."

எங்கள் பக்கம் கதிர்வீச்சைக் கரண்ட் வைப்பது என்பார்கள். கரண்டும் இல்லை, ஷாக்கும் அடிக்காது. முதல் நாள், வெந்நீரில் இளகிய ஒரு வெள்ளை வலைத் தகட்டை மாமாவின் முகத்திலிருந்து தோள் வரை போர்த்தி அமுக்கினார்கள். ஆறியதும் அது அவர் முகமாகவே கெட்டிப்பட்டது. கிட்டத்தட்ட ஆறு வாரத்துக்குத் தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். இம்மி அசைய முடியாது. முகமூடியில் போட்ட குறியும் சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பிறகுதான் மிஷின் ஓட்டுகிற ஆட்கள் அறையை விட்டு வெளியே வருவார்கள். மிஷின் தலை அவரைச் சுற்றி வரும். சில நிமிடம், அவ்வளவுதான்.

"இவ்ளோதானா? இதுக்கு எதுக்குங்க தினமும் வரோணும்? மொத்தமா ஒரே நாள்ல வெச்சு உட்றலாமுல்ல?" என்று நான் டாக்டரிடம் எகிறினேன்.

அவர் கோபப்படவில்லை. "மொத்தமா வெச்சா நல்ல சதையும் வெந்துபோயிரும். கொஞ்சம் கொஞ்சமா வெச்சா, மறுநாளுக்குள்ள நல்லது தேறிக்கும், கெட்டது தேற முடியாம சாகும். நாம இடைவெளி விட்டா கெட்டதும் தேறி வளர ஆரம்பிச்சுரும். அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்."

மாமாவும் தலையாட்டினார். வண்டியில் ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஊருக்குள்ள யாருக்கும் தெரியக் கூடாது. தனப்பிரியாவுக்கு மாப்பிள்ள ஊடு பேசிட்டிருக்கறோம். அப்பனுக்குப் புத்துன்னு தெரிஞ்சா என்ற புள்ளையக் கட்டுவாங்களா?" மகள் பேச்சு வந்தால் அவருக்குக் கண் கலங்கிவிடும். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மண்டியில் தொண்டைக்கட்டு என்று சொல்லி லீவு போட்டார். கழுத்துத் தோல் கறுத்தது, துண்டால் சுற்றிக்கொண்டார். எச்சில் விழுங்கவே வலித்தது. கஞ்சியைக் குடித்துக்கொண்டு, பேச்சையும் குறைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் வந்தார். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்போது பார்த்து அவர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டினார்கள். மாமா வருடம் தவறாமல் காப்புக் கட்டிப் பூவோடு எடுக்கிறவர். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதுதான் பூவோடு. மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கையில் கட்டியவர் நோம்பி முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

காலையில் வண்டியோடு போய் நின்றேன். மாமாவின் கையில் மஞ்சள் கயிறு.

"இதென்ன மாமா கூத்து?"

"நான் கட்டலீன்னா ஏன்னு கேப்பாங்க மாப்ள. என்ன சொல்றது? நோம்பி முடியட்டும், வாரேன்."

"ஆத்தாவா வந்து மிசின ஓட்டப் போறா? டாக்டரு தலபாடா அடிச்சுச் சொன்னாங்களே! கெடக்கறாங்க ஊருக்காரங்க, வண்டியில ஏறுங்க!"

"சத்தம் போடாத, பக்கத்து ஊட்ல ஆளிருக்குது" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். நானும் கெஞ்சினேன், திட்டினேன், தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். மனுசன் அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுக்கவும் இல்லை.

நோம்பி முடிந்து போனபோது டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடுதலாகச் சில நாள் சேர்த்து முடித்துக்கொடுத்தார். விட்டதை முழுசாகப் பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார். ஐப்பசியில் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை கத்திதான். உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மாமா கழுத்தில் இருக்கிற துளை வழியாக மூச்சு விடுகிறார். விடாமல் வந்திருந்தால் கட்டாயம் தப்பித்திருப்பாரா என்று ஒரு நாள் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்றார் டாக்டர். அந்தப் பதில் என் நெஞ்சில் இன்னும் கிடந்து அறுக்கிறது.

தனப்பிரியாவுக்குப் பேசிக்கொண்டிருந்த அந்த இடத்திலேயே கல்யாணம் நிச்சயமானது. விஷயம் தெரிந்தும் சம்பந்தி வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்தில் மாமா எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே நின்றார். வாங்க என்று சொல்லத்தான் குரல் இல்லை.

இந்த வருட நோம்பிக்கு நானும் போயிருந்தேன். பூசாரி அங்கமுத்து காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா கையை நீட்டினார். பூசாரி அவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்று அக்காவிடம் கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

பூசாரியின் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது.

"அட சாமி! என்ற காதுல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு ஆத்தா எப்பவும் உத்தரவு குடுப்பாளே! காப்ப அவுத்து வேம்புல கட்டிப்போட்டு, யாருக்கும் தெரியாம அனுப்பிச்சிருப்பனே. என்ற மருமவளுக்குப் பிரசவ வலி வந்தப்ப நான்தான் அவுத்து உட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. மாமா பூசாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உதடு வேகவேகமாக அசைந்தது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னாள்.

"கேக்காம உட்டுட்டனேன்னு சொல்றாருங்க."