ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபோது கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிற ஆள் நான். பிசிக்ஸ் படித்தவள். எங்கள் சித்தூர் வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தால் நைனா, என் அப்பா, உடனே பைபிளைக் கையில் எடுத்துவிடுவார், அதனால் சின்ன வயதில்கூட எனக்கு அந்தப் பயம் கிடையாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், வேறு யாராவது சொன்னால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடம் ஆகிறது. என் கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஃபேக்டரி வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு ராத்திரி போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானும் மகன் ஜோயலும்தான். ஜோயலுக்கு அப்போது மூன்றரை வயது, ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மா என்றுகூட இல்லை. காலையிலிருந்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், சாயங்காலம் என் குரலே எனக்கு அலுத்துப்போகும். வயிற்றில் இருந்தபோது நான் ஏதாவது தப்புச் செய்தேனா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனது. கடைசியில் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் இரண்டு மாதம் காத்திருந்து நேரம் வாங்கினேன், புதன்கிழமை பதினொன்றரை மணி. தவறவிட்டால் மறுபடி இரண்டு மாதம்.

கார் பழசு. கணவர் ஊரில் இல்லாததால் அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. சனிக்கிழமை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது காய்ந்துவிடக் கூடாது என்று குக்கர் ரப்பருக்குச் செய்வதுபோல இதற்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை, நல்லது என்று நினைத்து நானே செய்தது. செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ரஹீம் பாயிடம் காட்டியபோது அவர் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, தேங்கா எண்ணெ வாசன வருது?"

"நான்தான் பாய், வாரா வாரம் தடவறேன்."

"அப்டியே சடை பின்னி பூவும் வெச்சிருக்கலாமே. எண்ணெ பட்டா ரப்பர் ஊதிக்கும்மா. பாரு, ஸ்பிரிங்கும் தளந்துகினு கீது. இது பிரஷர் தாங்காது, தண்ணி கொதிச்சு வெளிய பூடும். வேற மூடி வாங்கி மாட்டிக்கினு அப்பறம் திருப்பதி போ."

பக்கத்துக் கடையில் புது மூடி வாங்கினேன், ஆனால் மாட்டவில்லை. அளவு சரிதானா என்று ஒரு சந்தேகம், கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவர் பார்த்துவிட்டு மாட்டட்டும், அதுவரை பழையது தாங்கும் என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் திருப்பதி போகும் வழியில் பாகாலா என்ற ஊரைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது, பானெட் இடுக்கில் புகை. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் தூக்கி வைத்தேன். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, ஆள் நடமாட்டம் இல்லை. கணவருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை, வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பின்சீட்டில் ஜோயல் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மணி பத்தரை. ஆறும்வரை காத்திருந்தால் டாக்டர் போய்விடுவார் என்று அது ஒன்றுதான் மனதில் ஓடியது. குக்கர் வெயிட்டைத் துணி போட்டுத் தூக்கி ஆவியை விடுகிறோமே, அதுபோலச் செய்துவிடலாம் என்று துண்டை நனைத்து மூடிமேல் போட்டு, குனிந்து, அழுத்தித் திருப்பினேன். பாதியில் ஒரு இடத்தில் நின்றது. இன்னொரு அழுத்து அழுத்தத்தான் கையை மாற்றிப் பிடித்தேன்.

"அம்மா, தொறக்காத."

எனக்கு இடது பக்கம், என் இடுப்பு உயரத்திலிருந்து. நம்பினால் நம்புங்கள், மூச்சுக்காற்றுகூடக் கையில் பட்டது. நான் கையை எடுத்துப் பின்னால் நகர்ந்ததும் மூடி துண்டோடு எகிறிப் போய், கொதிக்கிற தண்ணீர் தூக்கிய பானெட் வரைக்கும் பீய்ச்சியது. என் முகம் அங்கேதான் இருந்தது.

பக்கத்தில் யாருமில்லை. காரைச் சுற்றி ஓடினேன், அடியில் பார்த்தேன். ஜோயல் அதே மாதிரி, வாய் திறந்தபடி தூக்கத்தில். அவனை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுடா கண்ணா என்று எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தொட்டால் சுடவில்லை என்று தெரிந்தபிறகு தண்ணீர் ஊற்றி, புது மூடியை அழுத்தி, கடைசி வரைக்கும் திருகி மூடினேன். சரியான அளவுதான்.

டாக்டர் போகவில்லை, எங்களைக் கடைசியாகப் பார்த்தார். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுதான் தாமதம், வரும் என்றார். ராத்திரி போனில் கணவரிடம் எல்லாம் சொன்னேன்.

"தூங்கிகினு இருந்த புள்ள எப்டிப் பேசும்? வெயில்ல உனக்கே தல சுத்தியிருக்கும்."

"சுத்தலங்க. சின்னப் பையன் குரல்ங்க அது, அம்மான்னு கூப்ட்டது."

"நீ அத நெனச்சிகினே இருக்க, அதான். சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

நாலரை வயதில் ஜோயல் பேசினான். நான் எத்தனை ஆசையாகக் காத்திருந்தேன், ஆனால் வந்தது அந்தக் குரல் இல்லை. மழலை, கீச்சென்று மெலிசான குரல். அப்படியானால் அது பிரமைதான் என்று எனக்கு நிம்மதிகூட வந்தது.

இப்போது அவனுக்கு ஏழரை வயது. போன மாதம் ஒரு காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் வந்து நின்று, "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்றான். என் கை கரண்டியைப் போட்டுவிட்டுத் தானாகப் பின்னால் போனது. அதே குரல், அதே உயரத்திலிருந்து.

"ஏம்மா, சுட்டுக்கினியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை, கணவரிடம்கூட. அன்று சாலையில் வந்து நின்றது ஏழரை வயது ஜோயல். ஏன் எட்டு வயது இல்லை, பத்து வயது இல்லை, இதற்குமேல் அவனுக்கு வயதே ஏறாதோ என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தினமும் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி அவனைப் பேசவைத்து, குரல் நேற்றைவிடக் கொஞ்சமாவது மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.