பால்டிமோர் நண்டும் நம்மூர் மக்ரூனும்

அமெரிக்கா போகிறவர்கள், "அங்கன என்னத்தச் சாப்பிடலாம்?" என்று என்னிடம் வந்து கேட்பதுண்டு. நியூயார்க்கில் பேகல் சாப்பிடுங்கள். பார்த்தால் உளுந்தவடைக்குச் சித்தப்பா மகன், கடித்தால் பல் வலிக்கும், பழகிவிட்டால் விடாது. பிலடெல்பியாவில் உப்புக்கல் தூவிய, முறுக்கு மாதிரி வளைத்த பிரெட்ஸல் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாந்து தருவார்கள், வேண்டாமென்று சொல்லாதீர்கள். பால்டிமோருக்குப் போனால் நண்டு. மக்ரூனை மட்டும் பேரை நம்பி வாங்கவும் வேண்டாம், பேரை நம்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை. அங்கே வேலை பார்க்கும் என் மகள், ஓர் அமெரிக்கப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடையைப் போட்டுவிட்டு வர முடியாத என் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார். "போன்ல சொன்னா கேக்க மாட்டா. நீ நேர்ல போயி, பக்குவமா வேண்டாம்னு சொல்லிட்டு வா" என்றார். எனக்கும் விருப்பமில்லைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? மகளுக்கும் அது தெரியும். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோதே அவள் உடம்பு விறைப்பாக இருந்தது.

ஊர் ஊராகக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தாள். 'வேண்டாம்' என்ற சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டே நானும் தின்றேன். கடைசியாகத்தான் பால்டிமோர். அது அந்தப் பையனும் அவன் அம்மாவும் இருக்கும் ஊர்.

வேண்டாம் என்று சொல்லப் போனாலும் வெறுங்கையோடு போக முடியுமா? தூத்துக்குடிக்காரி மக்ரூன் டப்பா இல்லாமல் வெளியூர் போவதில்லை. நான் புறப்படும் முன்பே மகள் போனில் எச்சரித்திருந்தாள்: "அம்மா, அவருக்கு நட்ஸ் ஆகாது, பாத்துக்கோ." நட்ஸ் என்றால் எனக்குக் கடலை. எடுத்து வைத்திருந்த கடலைமிட்டாயை வெளியே போட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி பெட்டியைப் பூட்டினேன். அண்டிப்பருப்பை, அதாவது முந்திரியை, பொடித்து, முட்டை வெள்ளையோடும் சீனியோடும் அடித்துச் சுடுவதுதான் மக்ரூன் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருப்பதாலேயே அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அண்டிப்பருப்பு பருப்பு, மக்ரூன் மக்ரூன்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு நண்டுக்கடையில் அவனும் அவன் அம்மாவும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மேசையில் பழுப்புத் தாளை விரித்து, மசாலா அப்பிய நண்டுகளை அப்படியே நடுவில் கொட்டினார்கள். ஆளுக்கொரு மரச் சுத்தியலும் தந்தார்கள். நண்டு தின்னச் சுத்தியலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் திரேஸ்புரத்துக் கடல் நண்டைப் பல்லாலேயே உடைத்துத் தின்று வளர்ந்தவள் நான். ஒரு காலைக் கடித்துச் சதையை முழுசாக உருவிக் காட்டினேன். அவன் கைதட்டிவிட்டுத் தானும் கடித்துப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எரிச்சலாக வந்தது.

அவன் அம்மா சாப்பிடாமல், பரிமாறுகிற பெண்ணை நிறுத்தி நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். எந்த எண்ணெய், மசாலாவில் என்னென்ன, அடுப்பங்கரையில் நட்ஸ் ஏதும் உண்டா. "என்னளா இது, போலீஸ் விசாரணையால்லா இருக்கு" என்று மகளிடம் முணுமுணுத்தேன். "அவருக்கு அப்படித்தாம்மா கேக்கணும்" என்றாள். டப்பா என் மடியில்தான் இருந்தது.

மகள் கை கழுவப் போனாள். பேச மொழி போதாமல் நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இதுதான் சமயம், டப்பாவைக் கொடுத்த கையோடு சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம் என்று அதைத் திறந்தேன். "மக்ரூன்" என்றேன். அவன் அம்மாவின் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரில் மக்ரூன் என்றால் தேங்காய்ப்பூவில் செய்வதாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனை கேள்வி கேட்ட பொம்பளை, பழகிய பேரைக் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டான்.

முதலில் உதட்டைத் தேய்த்தான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கி, மூச்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. அவன் அம்மா கைப்பையைக் கவிழ்த்து, குழல் மாதிரி இருந்த மருந்து ஊசியை எடுத்து, கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தினாள். நண்டு ஓடுகள் தரையெங்கும் சிதறின. நான் டப்பாவைப் பிடித்தபடி நின்றேன்.

ஓடி வந்த மகள் அவனைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "என்னம்மா குடுத்த?"

"மக்ரூன்தான்ளா."

"அதுல அண்டிப்பருப்புல்லா இருக்கு!" என்று அலறினாள். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஏளா, யாரப் பாத்து என்ன கேக்கே?" என்று கத்த நினைத்தேன். நான் சொல்லாமல் வைத்திருந்த 'வேண்டாம்' அவள் காதில் என்றைக்கோ விழுந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். அதற்காக ஒரு தாய் பெற்ற பிள்ளை சாகட்டும் என்றா வந்தேன்?

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா உள்ளே போய்விட, மகளும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியை அவள் காலியாக விட்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளை இனி என் பிள்ளை இல்லை என்று மனம் அடித்துக்கொண்டது.

நர்ஸ் ஒருத்தி வந்து, அந்தப் பண்டத்தில் வேறு என்னவெல்லாம் உண்டு என்று கேட்டாள். மகளுக்கு அழுகையில் குரல் வரவில்லை. நான் எழுந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: முட்டை, சீனி, அண்டிப்பருப்பு, வேறொன்றுமில்லை. நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள்.

"மதர்-இன்-லா" என்றேன்.

அது பயத்தில் வந்ததோ வீம்பில் வந்ததோ, எனக்கே தெரியாது. ஆனால் சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நடுவில் இருந்த நாற்காலிக்கு அவள் மாறி உட்காரவில்லை.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். இனி 'அவன்' என்று எழுத எனக்குக் கை வராது. வீங்கிய உதட்டோடு அவர் முதலில் கேட்டது, மீதி நண்டை யார் தின்றது என்பதுதான். நான் அழுதேன், அவர் அம்மாவும் அழுதாள். வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, "சரின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பால் பழம் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பழத்தைப் பிசைந்து பாலில் போட்டு, கரண்டியில் எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். குறுக்கே மகளின் கை வந்தது. கரண்டியை வாங்கித் தான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டாள். "பொண்ணுக்குப் பசியப் பாருங்களேன்!" என்று சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் பாலில் முக்கி எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.